டிராக் கார் மாடல்: வேறு கிட்டின் பாகம் பொருந்தாவிட்டால் எங்கே பார்ப்பது

என் மேசையில் இப்போது நிற்பது 1955 செவ்ரோலெட் காரின் பிளாஸ்டிக் மாடல், பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் கிட், உண்மைக் காரில் 25இல் ஒரு பங்கு, அதாவது 1/25 அளவு. பெட்டியில் வந்தபோது சாதுவான வீதிக் கார். அதை 1960களின் ‘காஸர்’ என்ற டிராக் பந்தயக் கார் ஆக்கிக்கொண்டிருக்கிறேன்: மூக்கு உயர்ந்து, முன்னுக்கு லொறி மாதிரி நேர் அச்சு, பின்னுக்கு ‘ஸ்லிக்’ என்ற வரியில்லாத அகல டயர், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்ட பானட்டைப் பிளந்துகொண்டு மேலே வரும் புளோயர். எஞ்சின் ஒரு கிட்டிலிருந்து, முன் அச்சு 1941 வில்லிஸ் காரின் கிட்டிலிருந்து, ஸ்லிக் டயர் வேறொன்றிலிருந்து. கால் மைல், அதாவது 402 மீற்றர், நேராகப் பறப்பதற்கென்றே செய்த வண்டி. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் படலையிலிருந்து கடலுக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்.

மூன்று கிட்டைக் கலந்தால் எதுவும் முதல் தடவையில் பொருந்தாது. உடனே கத்தியைத் தூக்காதீர்கள். வேர்னியரை, அதாவது மில்லிமீற்றரின் பின்னம்வரை அளக்கும் கருவியை, எடுங்கள். பொருந்தாத பாகத்தில் பாதிப் பிழை வாங்கும்போதே செய்தது என்பது என் அனுபவம், அதை அளந்தால்தான் பிடிக்கலாம். அமெரிக்கக் கார்களின் அளவெல்லாம் அங்குலத்தில் இருக்கும். 1/25இல் ஒரு அங்குலம் 1.016 மி.மீ. ஆகவே அங்குலத்தைக் கிட்டத்தட்ட அப்படியே மில்லிமீற்றராக வாசித்தால் போதும்: 32 அங்குல டயர் 32½ மி.மீ. வர வேண்டும். 1/24இல் இந்தச் சொகுசு இல்லை, 1.06ஆல் பெருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்தால் வேண்டிய பாகம் இல்லை

ஜப்பான் கார்க் கிட்கள் பெரும்பாலும் 1/24. அவற்றில் பலவற்றுக்கு எஞ்சினே கிடையாது, அடித்தட்டில் எஞ்சினின் கீழ்ப்பாதி மட்டும் புடைப்பாக இருக்கும். ஒட்டாமல் அமுக்கிப் பொருத்தும் கிட்களிலும் அநேகமாக இதே கதை. எஞ்சினுக்காக வாங்குவதென்றால் பெட்டிப் படத்தை நம்பாமல், பாகங்கள் கோத்திருக்கும் சட்டங்களின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். படம் அனுப்ப மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

தனித்தனிப் பாகமாக வாங்குவதா, இரண்டாவது கிட் ஒன்றை முழுதாக வாங்குவதா? எனக்கு இரண்டாவதுதான். எஞ்சின் ஒரு பார்சல், டயர் ஒரு பார்சல், அச்சு ஒரு பார்சல் என்று வந்தால் தபால் செலவு பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். மலிவான காஸர் கிட் ஒன்றில் மூன்றும் இருக்கும், மிஞ்சுகிற ரேடியேட்டரும் ஆசனங்களும் அடுத்த காருக்கு ஆகும். திருகோணமலை நகரில் இந்தச் சாமான் அடுக்கிய கடை இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. அதனால் என் பெரிய களஞ்சியம் கனடா மச்சானின் சூட்கேஸ். அவர் கோயில் திருவிழாவுக்கு வரும்போது, பெட்டியைத் தட்டையாக்கிவிட்டு சட்டங்களை உடுப்புக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வருவார். ஜன்னல் கண்ணாடியை மட்டும் தனித் துணியில் சுற்றச் சொல்லுங்கள், கீறினால் போயிற்று. ஸ்ப்ரே பெயின்டை விமானத்தில் கேட்காதீர்கள். ஒரு தடவை இரண்டு பேணியை வைத்துக் கட்டி, விமான நிலையத்திலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். பெயின்டை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், அதன் தொல்லையைக் கீழே சொல்கிறேன்.

எஞ்சின் பானட்டுக்குள் இறங்கவில்லை

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். இந்த ஒழுங்கிலேயே பாருங்கள்.

முதலாவது, அளவு வேறுபாடு. ரெவெல் என்ற ஒரே பெயரில் 1/25 கிட்டும் வரும், 1/24 கிட்டும் வரும். மோனோகிராம் என்ற பழைய நிறுவனத்தின் கார் வார்ப்பு அச்சுகள் பெரும்பாலும் 1/24. இரண்டு நிறுவனமும் ஒன்றானபின் அந்த வார்ப்பு அச்சுகளும் ரெவெல் பெட்டிக்குள் வந்துவிட்டன. வித்தியாசம் நாலு சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது, எஞ்சின் அறைக்குத் தெரியும். காரின் அளவைச் சோதிக்க முன் சில்லு மையத்திலிருந்து பின் சில்லு மையத்துக்கு அளவுங்கள். 1955 செவிக்கு (செவ்ரோலெட்டைச் சுருக்கி அப்படித்தான் சொல்வோம்) உண்மையில் 115 அங்குலம், ஆகவே 1/25இல் 116.8 மி.மீ., 1/24இல் 121.7 மி.மீ. ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசத்தை அடிமட்டமே காட்டிவிடும்.

எஞ்சினைச் சோதிப்பது கொஞ்சம் நுணுக்கம். என்னுடையது கிறைஸ்லர் 426 ஹெமி என்ற எட்டு சிலிண்டர் எஞ்சின், பக்கத்துக்கு நாலு. அதன் வால்வ் மூடி நடுவில் பிளக்குகளுக்கான நாலு துளை வரிசையாக இருக்கும். உண்மை எஞ்சினில் சிலிண்டருக்குச் சிலிண்டர் 4.8 அங்குலம், ஆகவே முதல் துளைக்கும் நாலாவது துளைக்கும் இடையே 14.4 அங்குலம். 1/25இல் அது 14.6 மி.மீ., 1/24இல் 15.2. வேர்னியரின் கூர்முனையைத் துளை நடுவில் வைத்துப் பார்த்தபோது என்னுடையது 15.2 காட்டியது. பெட்டியில் 1/25 என்று போட்டிருந்த கிட்டில்தான் இது இருந்தது, ஆனால் பழைய கிட் வாங்கும்போது முந்திய சொந்தக்காரர் எதை எதோடு மாற்றிப் போட்டார் என்று யாருக்குத் தெரியும்? பெரிய எஞ்சினைச் சுருக்க வழியில்லை. அறைக்குள் அடங்கினால் விட்டுவிடலாம், டிராக் காரில் எஞ்சின் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை. ஆனால் 1/25 வால்வ் மூடியை 1/24 எஞ்சினில் ஒட்டப் பார்க்காதீர்கள், அது அசிங்கமாகவே நிற்கும்.

செவிக்குள் கிறைஸ்லர் எஞ்சினா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தக் காலத்து காஸர்காரர்கள் வில்லிஸுக்குள் ஓல்ட்ஸ்மொபீல், செவி, ஹெமி எதையும் போட்டு ஓடியவர்கள். ஆகவே மனச்சாட்சி உறுத்த வேண்டாம்.

இரண்டாவது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். செவி எஞ்சினுக்கு அது பின்னால், பழைய 392 ஹெமிக்கும் பின்னால். 426 ஹெமிக்கு முன்னால். பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது எஞ்சின் அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் முட்டும். அப்போது எஞ்சினை முன்னே தள்ளினால் புளோயரின் பெல்ட் ரேடியேட்டரில் முட்டும். சுவரைப் பெட்டி போல உள்ளே வெட்டுவதுதான் சரி, உண்மைக் கார்களிலும் அதைத்தான் செய்தார்கள். அதுவும் எல்லையில்லாமல் இல்லை: காஸர்கள் ஓடிய ‘காஸ்’ பந்தய வகுப்பின் அக்கால விதியில் எஞ்சினைச் சில்லு இடைத்தூரத்தின் 10 சதவீதம் வரைதான் பின்னுக்குத் தள்ள முடிந்தது, முன் அச்சு மையத்திலிருந்து முதல் பிளக் வரை அளந்து. 115 அங்குலத்துக்கு 11½, நமக்கு 11.7 மி.மீ. அவ்வளவு இடம் தாராளம்.

மூன்றாவது, எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் ஏறி நிற்பது. எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து ஆடினால் இதுதான். தொட்டியை அராவாதீர்கள், சட்டத்தை அராவுங்கள், அது கீழே மறைந்துவிடும். எதையும் ஒட்டுவதற்கு முன் பிளாஸ்டிசின் உருண்டை நாலு வைத்து எஞ்சினை உட்கார வைத்து, உடலை மேலே கவிழ்த்து, பக்கவாட்டில் ஒரு போன் படம் எடுத்துப் பாருங்கள். நேரே பார்க்கையில் மன்னிக்கும் கண், படத்தில் மன்னிக்காது.

பின் டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கிறது

வீதிக் காரின் பின் அச்சு வீதி டயருக்கானது. பத்தரை அங்குல அகல ஸ்லிக், நம் அளவில் 10.7 மி.மீ., போட்டால் வெளியே துருத்தும். அச்சைக் குறுக்க வேண்டும். ஒரு பக்கம் எத்தனை மி.மீ. வெளியே நிற்கிறதோ, அந்தப் பக்கக் குழாயிலிருந்து அத்தனையை வெட்டி எடுங்கள். எனக்கு ஒவ்வொரு பக்கமும் நாலு. முதல் தடவை சோம்பலில் எட்டையும் ஒரே பக்கத்தில் வெட்டினேன். டயர் அழகாக உள்ளே போனது, ஆனால் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷல் உருண்டை நாலு மி.மீ. ஒதுங்கி, புரொப்பெல்லர் தண்டு சாய்வாக ஓடியது. இரண்டு பக்கமும் சமமாக வெட்டுங்கள்.

வெட்டிய குழாயை வெறும் பசையில் நிறுத்தாதீர்கள், நடுவில் துளைத்து ஒரு ஊசி வையுங்கள். பேப்பர் கிளிப் வேண்டாம். இங்கே கடற்காற்றில் அது ஒரு மாரிக்குள் துருப்பிடித்து வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செம்மண் நிறக் கறை வடிக்கும். பார்மசியில் கிடைக்கும் ஊசியின் குழாய் துருப்பிடிக்காது.

அச்சு குறுகியதும் அடுத்த முட்டல் உள்ளே, அடித்தட்டின் சில்லுக் குழியில். குழியின் உட்சுவரை வெட்டி எடுத்துவிட்டு புதிய அரைவட்டத் தொட்டி கட்ட வேண்டும். டயர் 32½ மி.மீ. என்றால் உள்ளே 36 மி.மீ. விட்டமாவது வேண்டும். நான் யோகட் கப்பை வெட்டிச் செய்கிறேன். கப்பின் அடியைத் திருப்பி முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 6 என்றால் பொலிஸ்டைரீன், கிட்டின் அதே பிளாஸ்டிக், கிட் பசையில் உருகி ஒன்றாகிவிடும். 5 என்றால் வேறு சாதி, சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, தின்றுவிட்டு எறியுங்கள். எங்கள் வீட்டில் இப்போது யோகட் வாங்கும்போதே கப்பைக் கவிழ்த்துப் பார்க்கிறேன், கடைக்கார அம்மா திகதி பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்.

மூன்று சில்லு நிலத்தில், ஒன்று ஆகாயத்தில்

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் படுக்க வைத்து அதன்மேல் காரை நிறுத்துங்கள். முதலில் சில்லு இல்லாமல் காரின் அடிச்சட்டத்தை மட்டும் வையுங்கள். சட்டமே ஆடினால் அது முறுகியிருக்கிறது. கொதி அடங்கிய சுடுநீரில் சில விநாடி பிடித்து, எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருகி, குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் கூழாகிவிடும்.

சட்டம் நேராக இருந்தும் கார் ஆடினால் குற்றவாளி முன் அச்சு. வில்லிஸின் வில் தகடுகள் வில்லிஸின் சட்டத்துக்கு வெட்டியவை, செவியின் சட்டத்தில் இடமும் வலமும் ஒரே உயரத்தில் உட்காரும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. தாழ்ந்த பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைத்து உயர்த்துங்கள். உயர்ந்த பக்கத்தை அராவப் போனால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் குறைந்து, கடைசியில் காஸர் ஆசையே போய்விடும்.

ஒட்டிய பாகம் மறுநாள் கையோடு வருகிறது

பிசினில் (ரெசின்) வார்த்த அல்லது முப்பரிமாண அச்சில் எடுத்த பாகமாக இருக்கும். கிட் பசை பொலிஸ்டைரீனை உருக்கித்தான் ஒட்டுகிறது, பிசின் அதில் உருகாது. சூப்பர் குளூ அல்லது இரண்டு கலவை எபொக்ஸி வேண்டும். அதற்கு முன் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவுங்கள், வார்ப்பிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருக்கும். அச்சில் எடுத்த பாகம் விரலில் பிசுபிசுத்தால் இன்னும் இறுகவில்லை, வெயிலில் வையுங்கள். அந்த ஒரு விஷயத்தில் திருகோணமலை தாராளம். பிசினை ஈரமாக வைத்தே தேயுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு நல்லதல்ல.

பெயின்ட் பால் போல வெளுக்கிறது, அல்லது மணல் போலச் சொரசொரக்கிறது

இரண்டும் காலநிலை நோய். வாடையில் ஒன்று, கச்சானில் மற்றது.

நவம்பர், டிசம்பர் மழைக்காலத்தில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் கறுப்பு கூடச் சாம்பல் பூத்தது போல வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயின்டின் மேல்முகம் குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிகிறது. கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள் என் செவிக்குக் கருஞ்சிவப்பு அடித்தேன். மழை விட்டிருந்தது, அதை நம்பிவிட்டேன். கால் மணித்தியாலத்தில் தகரக் கூரைக்குக் கீழே ரோஸ் நிறக் கார் நின்றது. இதைச் சுரண்டாதீர்கள். வெயில் எறிக்கும் காய்ந்த நாள் வரும்வரை விட்டு, அதே பெயின்டை அல்லது கிளியர் லாக்கரை மிக மெல்லியதாக ஒரு தடவை அடியுங்கள். புதிய தின்னர் பழைய படையைக் கொஞ்சம் இளக்க, உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறும். எனக்குக் கூரைப் பக்கம் முழுதாகத் தெளிந்தது, கதவின் கீழ்ப்பகுதி தெளியவில்லை, அதை 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்துத் திரும்ப அடித்தேன்.

கச்சான் காலத்தில் நேர்மாறு. மே, ஜூனுக்குப் பிறகு மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் பெயின்ட் துளி காரில் விழுமுன்னே பாதி காய்ந்துவிடும். விழுந்து பரவாமல் மணல் போல நிற்கும், தூசி வேறு. காற்று எழும்புமுன் விடியற்காலையில் அடியுங்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கள். அடித்ததும் கவிழ்த்து மூட ஒரு ஐஸ்கிறீம் பெட்டி பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று உண்டு, காலநிலையோடு சம்பந்தமில்லாதது: பெயின்ட் பட்ட இடமெல்லாம் வறண்ட குளம் போல மெல்லிய வெடிப்பு. உண்மைக் காருக்கு அடிக்கும் லாக்கரின் தின்னர் பொலிஸ்டைரீனைத் தின்றதால் வந்தது. கராஜ் பெயின்டே அடிப்பதென்றால் கீழே பிரைமரைத் தூறல் போல மூன்று நாலு தடவை, ஒவ்வொன்றும் காயவிட்டு அடித்த பிறகு அடியுங்கள். ஒரே தடவையில் நனைய அடித்தால் பிரைமரும் காப்பாற்றாது. வெடித்துவிட்டால் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் விற்கும் பிரேக் எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்துப் பழைய பல்தூரிகையால் தேய்த்தால் பெயின்ட் கழன்றுவரும். கையுறை போடுங்கள். முதலில் பாகங்கள் கோத்திருந்த சட்டத்தின் துண்டு ஒன்றில் சோதித்துப் பாருங்கள், சில பழைய பிளாஸ்டிக் நொறுங்கும்.

குரோம் பாகத்தில் பசை பிடிக்கவில்லை, அல்லது கண்ணாடி பனி மூடியது போலாகிறது

குரோமுக்குக் கீழே அலுமினியப் படலம், அதற்குக் கீழே லாக்கர். ஒட்டும் இடத்தில் இரண்டையும் சுரண்டிவிட்டுத்தான் பசை. முழுவதும் அகற்ற வேண்டுமானால் துணி வெளுக்கும் பிளீச்சில் போடுங்கள், படலம் கரைந்துவிடும். அந்த வாளிக்குக் கிட்டக் கழிப்பறை கழுவும் அமிலத் திரவம் எதுவும் வரக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு.

கண்ணாடி வெளுப்பது சூப்பர் குளூவின் ஆவி. கண்ணாடிக்கு அதைத் தொடவே வேண்டாம், மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையே போதும். முழுதாகப் பாழானால் பழைய சிடி உறையின் மூடியிலிருந்து தட்டையான ஜன்னலை வெட்டலாம், அதுவும் பொலிஸ்டைரீன்தான். வளைந்த முன் கண்ணாடிக்கு அது சரிவராது.

டயர் சில்லைத் தின்கிறது

சில மாதம் கழித்துச் சில்லு விளிம்பு உருகி டயரோடு ஒட்டிக்கொண்டால், அது டயரின் வினைலில் உள்ள மென்மையாக்கும் எண்ணெய் கசிந்த வேலை. பழைய கிட் டயர்களில் அதிகம், எங்கள் சூட்டில் இன்னும் வேகம். குழாய் வேலைக்காரர் சுற்றும் வெள்ளை டேப்பை ஒரு சுற்று சில்லில் சுற்றிவிட்டு டயரை ஏற்றுங்கள். பெட்டிக்குள்ளும் டயரைக் கண்ணாடிப் பாகத்தோடு சேர்த்து வைக்காதீர்கள்.

ஸ்டிக்கர் மஞ்சளாகிவிட்டது, தண்ணீரில் தூளாகிறது

மஞ்சளானதை ஜன்னல் கண்ணாடியில் வெயில் பக்கம் பார்த்து சில நாள் ஒட்டி வையுங்கள், வெளுக்கும். தூளாகும் என்று சந்தேகமிருந்தால் நனைக்குமுன் கிளியர் ஒரு படை அடித்து, பிறகு ஒவ்வொன்றையும் ஓரத்தைச் சுற்றி வெட்டுங்கள்.

பிளக் வயர் கயிறு மாதிரித் தெரிகிறது

கிட்டிலேயே எல்லாம் சரியாகிவிட்ட பிறகு கண்ணில் குத்துவது இதுதான். உண்மை வயர் 8 மி.மீ. தடிப்பு, 25ஆல் வகுத்தால் 0.32. கணினி வலைக் கேபிளைப் பிரித்து உள்ளிருக்கும் வயரைப் போட்டிருந்தேன், அது உண்மைக் காரில் ஓர் அங்குலக் குழாய் போல இருந்தது. மீனவர் தங்கூசி நூல் தடிப்புக்குச் சரி, ஆனால் வளைத்த இடத்தில் நிற்காது, துள்ளும்.

விடை மோட்டார் சுற்றும் கடையில் இருந்தது. மத்திய வீதிப் பக்கம் ஒரு கடைக்கு வேர்னியரோடு போனேன். சுருள் சுருளாகச் செப்புக் கம்பி தொங்குகிறது. 30 நம்பர் கம்பியைக் கேட்டு அளந்தேன்: 0.31. கடைக்காரர் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“என்ன மோட்டார் தம்பி?”

“கார் எஞ்சின் அண்ணை. ஒரு முழம் காணும்.”

சட்டைப் பையிலிருந்து ஹெமியை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு எட்டு வயர் எல்லோ வேணும், ஒரு முழம் எப்பிடிக் காணும்?” என்று இரண்டு முழம் வெட்டித் தந்தார். காசு வாங்கவில்லை.

கம்பியை வளைக்குமுன் பெயின்ட் அடித்தால் வளைவில் உதிரும். எட்டையும் முதலில் வளைத்து, பிளக் துளையில் ஒரு துளி சூப்பர் குளூவில் நிறுத்தி, பிறகு தூரிகையால் மஞ்சள் அடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் 1-8-4-3-6-5-7-2 என்ற ஒழுங்கில் சுற்றிவர மாட்டுங்கள். இடப்பக்கம், அதாவது அமெரிக்கக் காரின் ஓட்டுநர் பக்கம், ஒற்றை எண்கள், மறுபக்கம் இரட்டை. என் எஞ்சினில் ஐந்தாவதும் ஏழாவதும் மாறிவிட்டது, புளோயர் ஒட்டிய பிறகுதான் கண்டேன். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.